கீமோ குமட்டலுக்கு மணிக்கட்டில் ஊசி

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்ததும் எனக்குக் கொடுத்த கீமோ, டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்தது. 'சிவப்பு மருந்து' என்பார்கள் வார்டில். வாந்தியை அதிகம் கிளப்பும் வகை என்பதால், அதை ஏற்றுவதற்கு முன்பே ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் என்று வாந்தியை அடக்கும் மருந்தெல்லாம் போட்டுவிடுவார்கள். அன்றைய பொழுது ஓடிவிடும். அடுத்த நாட்கள்தான் பெரும்பாடு. வாந்தி வராது, ஆனால் வருகிற மாதிரியே இருக்கும். எதிர்வீட்டில் கடுகு தாளித்தால் எனக்கு இங்கே ஓங்கரிக்கும். போகப் போக, ஆஸ்பத்திரி வாசலில் அந்த மருந்து நெடி அடித்ததுமே வயிற்றைப் புரட்ட ஆரம்பித்தது.

அக்குபங்சர் செய்து பாருங்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். முதலில் போன இடத்தில், "இங்கிலீஷ் மருந்தை எல்லாம் நிறுத்திட்டு வாங்கம்மா, ஒரே ஊசியில சரியாயிடும்" என்றார்கள். உடனே எழுந்து வந்துவிட்டேன். கீமோவைப் பாதியில் விடச் சொல்கிறவர்களை நம்பி உடம்பைக் கொடுக்க முடியாது. உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் நீங்களும் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் என் புற்றுநோய் டாக்டரிடமே கேட்டேன். மாத்திரைகளை விடாமல், கூடவே செய்துகொள்ளலாம் என்றார். ஆனால் வெள்ளை அணுக்களும் பிளேட்லெட்டும் இறங்கியிருக்கும் நாட்களில் கூடாது, ரத்த டெஸ்ட் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். இடது அக்குளில் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்திருப்பதால் அந்தக் கையில் ஊசியே படக்கூடாது. கை வீங்கிவிடலாம், கிருமியும் தொற்றலாம். இயற்கை மருத்துவம் படித்த ஒரு டாக்டரிடம் அவரே அனுப்பி வைத்தார்.

அந்த அம்மா என் வலது மணிக்கட்டு ரேகைக்கு மேலே என்னுடைய மூன்று விரல்களையே வைத்து அளந்தார். உள்பக்கம் இரண்டு தசைநாருக்கு நடுவில் பள்ளமாக இருக்கும் இடம். சீனப் பெயர் நெய்குவான். என் கண்ணெதிரே புது பாக்கெட்டைப் பிரித்து, தலைமுடி கனத்தில் ஓர் ஊசியை இறக்கினார். குத்திய வலி பெரிதாக இல்லை. மெல்லத் திருகியபோது உள்ளே கனமாக ஒரு கடுப்பு கிளம்பி, நடுவிரல் வரை இறங்கியது. அப்படி வந்தால்தான் சரியான இடம் என்றார். முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. இருபது நிமிஷம்போலக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். நெஞ்சுக்குழியில் முட்டிக்கொண்டிருந்தது கொஞ்சம் இறங்கியது.

குமட்டல் அடியோடு போய்விடவில்லை. ஆனால் மருந்து ஏறிய மறுநாள் போய் வந்தால், அன்று இரவு இரண்டு இட்லியும் மோரும் உள்ளே தங்கும். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய விஷயம். 1997-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, கீமோ குமட்டலுக்கு அக்குபங்சர் பலன் தருகிறது என்றே சொல்லியிருக்கிறது. பின்னால் வந்த ஆய்வுகளில், இன்றைய நல்ல வாந்தி மருந்துகளுக்கு மேல் எவ்வளவு கூடுதலாக உதவும் என்பதில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஊசி போட்ட டாக்டர் இதை மறைக்காமல் சொன்னதால்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

ரத்த அணுக்கள் இறங்கிய வாரங்களில் ஊசி இல்லை. அப்போது அதே இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்தச் சொல்லிக்கொடுத்தார். இடது கையால் நானே செய்துகொள்வேன், அது ஓய்ந்தால் என் மகள் அழுத்திவிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அது நன்றாகவே கைகொடுத்தது.

பிறகு பாக்லிடாக்சல் என்ற வேறு கீமோ மருந்துக்கு மாற்றினார்கள். அதில் குமட்டல் அவ்வளவாக இல்லை, ஊசியையும் அதோடு நிறுத்திக்கொண்டேன்.