என்ன வேலை பார்த்தீங்க அண்ணா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ரிப்போர்ட் எழுதுவது டாக்டர்தான், ஆனாலும் சட்டையைக் கழற்றி நிற்பவரிடம் என்ன வேலை பார்த்தார் என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தடுப்புச் சுவருக்குக் கருங்கல் அறுத்தேன் என்று சொன்னால் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன். இந்த மலையின் சார்னோக்கைட் என்ற கருங்கல் பாறையில் குவார்ட்ஸ் என்ற கனிமம் உண்டு, அது சிலிக்காதான். தண்ணீர் விடாமல் கட்டிங் மெஷின் வைத்தால் பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கும்.

நுரையீரலின் மேல்பகுதியில் பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தால் முதலில் டிபி என்றுதான் தோன்றும். அது தப்பில்லை, சிலிக்காத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸ் உள்ளவருக்கு டிபியும் எளிதில் வரும். எனக்கு உறுத்துவது விரல்கள். குளிரில் விரல் வெளுத்து, நீலமாகி, அப்புறம் சிவந்து வலிக்கிறது என்று கீழே மேட்டுப்பாளையத்தில் ஒருவர் சொன்னால் யாராவது காது கொடுப்பார்கள். இங்கே டிசம்பரில் சொன்னால், எல்லாருக்கும்தான் விறைக்குது, கிளவுஸ் போடுங்க என்று அனுப்பிவிடுகிறோம். ஸ்க்லீரோடெர்மா என்று, தோல் தடித்து இறுகும் நோய் ஒன்று இருக்கிறதே, அதற்குப் பல வருடம் முன்பே இந்த வெளுப்பு வரலாம். (டிரில்லிங் மெஷின் அதிர்விலும் விரல் வெளுக்கும், ஆகக் குழப்பம் இரட்டிப்பு.)

கல்தச்சர்களுக்கு இந்தத் தோல் நோய் வருவதை எடின்பரோவில் பிராம்வெல் என்ற டாக்டர் 1914-லேயே எழுதிவிட்டார். 1953-ல் கேப்லன் என்ற டாக்டர், மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் இருந்த வேல்ஸ் நிலக்கரித் தொழிலாளர்களின் நுரையீரலில் வித்தியாசமான கட்டிகளைக் கண்டார், அதுவும் எக்ஸ்ரே படங்களில்தான். நுரையீரலைத் துப்புரவு செய்யும் செல் சிலிக்காத் துகளை விழுங்கும், செரிக்க முடியாமல் சாகும், வெளியே விழுந்த அதே துகளை அடுத்த செல் விழுங்கும். வேலையை விட்ட பிறகும் இது சுலபத்தில் நிற்காது. இப்படி அழற்சி ஓயாமல் நடக்கும்போது, சிலருக்கு நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கத் தொடங்குகிறது: முடக்குவாதம், பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், ஸ்க்லீரோடெர்மா. புகைப் பழக்கமும் சேர்ந்தால் முடக்குவாத ஆபத்து இன்னும் கூடும்.

ஆனால் மூட்டுவலிக்காரர் லேப்புக்குப் போகிறார், இருமல்காரர் என்னிடம் வருகிறார், இரண்டு பேரின் ஓ.பி. சீட்டிலும் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்றுதான் இருக்கிறது. தேயிலை பறிப்பவரும் கூலி, கல் அறுப்பவரும் கூலி. அதனால் சீட்டின் ஓரத்தில் ‘கல் கட்டிங், தண்ணி விடாம’ என்று எழுதி அனுப்புகிறேன். ஒரு டாக்டர் அதைப் பார்த்து இப்படி உடம்பையே உடம்பு தாக்கும் நோய்க்கு அறிகுறி உண்டா என்று ரத்தத்தில் பார்க்கும் ஏ.என்.ஏ. டெஸ்ட்டும் சேர்த்து எழுதுகிறார். இன்னொருவர், உனக்கு எதுக்குப்பா இது என்கிறார்.