நான்காம் மாடியில் ஏழு நொடி

"தம்பி, நாலாவது மாடியில வெளிச்சம் தெரியுதே, அது எங்க சமையற்கட்டு. அங்க யாரு லைட்டு போட்டா?"

இடிப்பதற்காகக் காலி செய்த புளோக்கை இரவில் எடுத்த படங்களைத் தேர்வு செய்த அன்று, முன்பு அங்கே குடியிருந்த கணக்குப் பிரிவு அக்கா திரையருகே வந்து கேட்டது இது. "டார்ச்சுதான்க்கா. ஏழு செகண்டு" என்றேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கத்து வீட்டுக்குப் போடலையா?" என்றார். "மூணு சன்னல் போதும்க்கா. அதுக்கு மேல போனா கண்ணு அலையும்." தலையை ஆட்டிவிட்டு இடத்துக்குப் போய்விட்டார்.

மூன்று சன்னல் போதும் என்பது தவறில்லை. ஆனால் காரணம் அதுவல்ல. பக்கத்து வீட்டுக் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே போக முடியவில்லை. அதைச் சொல்வதற்கு என்ன தடை என்று இன்றும் யோசிக்கிறேன்.

இருட்டில் கேமராவின் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து, டார்ச்சால் வெளிச்சம் போட்டுப் படமெடுப்பதுதான் ஒளி வரைதல். அதில் எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் தொடங்கும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது சுற்றுப்புற வெளிச்சத்தை மட்டும்தான் கூட்டும், குறைக்கும். டார்ச் வெளிச்சத்தை அது தொடாது. டார்ச் எத்தனை நொடி எரிந்தது, எவ்வளவு தூரத்தில் எரிந்தது, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு, எஃப் எண்ணில் சொல்வார்கள்) என்ன, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) என்ன, அவ்வளவுதான். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழகியவருக்கு இருட்டு பிடிபட்டுவிடும்.

சிங்கப்பூரில் முழு இருட்டு கிடைப்பதில்லை. மின்சாரம் துண்டித்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்காக இருந்தாலும், நகரத்து வெளிச்சம் மேகத்தில் பட்டுச் சுவரில் வந்து விழும். அதை முதலில் அளக்க வேண்டும். ஐஎஸ்ஓ 6400, எஃப் 8, 2 நொடி வைத்து ஒரு சோதனைப் படம் எடுத்தோம். சுவர் வேண்டிய அளவுக்குத் தெரிந்தது. ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கினால் 64 மடங்கு நேரம் வேண்டும், அதாவது 128 நொடி. 120 என்று வைத்துக்கொண்டோம். ஃபோகஸ் அதற்கு முன்பே முடிந்திருந்தது. இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே சூரியன் இறங்குகிறது, நீல வானம் இருபது நிமிடம் நின்றால் அதிகம். அந்த வெளிச்சத்தில் ஃபோகஸ் பிடித்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, வளையத்தில் டேப் ஒட்டிவிட வேண்டும். முக்காலியில் நிற்கும் கேமராவில் அதிர்வுத் தடுப்பையும் அணைத்துவிட வேண்டும். குளிர்சாதனக் காரிலிருந்து எடுத்த லென்ஸில் உடனே பனி படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்தால் தப்பிக்கலாம்.

பகலில் ஒருமுறை போய்ப் பார்க்காத கட்டடத்துக்குள் இரவில் காலெடுத்து வைக்கக் கூடாது. அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கலாம் (கட்டடங்களில் அதைப் பயன்படுத்த 1989-இல்தான் தடை வந்தது), எனவே உடைந்த கூரைப் பக்கம் போவதில்லை. எஃகு நாரைக் கொளுத்திச் சுழற்றும் வித்தையை இத்தகைய இடத்தில் நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. சிதறுவது எரியும் இரும்பு. காய்ந்த இலை, பழைய மெத்தை, எதன் மேல் விழுந்து உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே செய்தது எளிய வேலைதான். டார்ச்சின் முகத்தில் ஆரஞ்சு ஜெல், அதாவது வெளிச்சத்துக்கு நிறம் கொடுக்கும் மெல்லிய தாள். சன்னலுக்கு நேராகக் காட்டாமல் கூரையில் அடித்தால் அறை முழுக்க ஒரே சீராக வெளிச்சம் பரவும். நான் சன்னலுக்குப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்றேன், கறுப்புச் சட்டை. வெளிச்சம் அதிகமென்றால் டார்ச்சைக் குறைந்த அளவுக்கு மாற்றாமல் நொடியைக் குறைப்பதே நல்லது. பேட்டரி இறங்க இறங்க மங்கும் டார்ச் என்றால் முதல் வீட்டுக்கும் மூன்றாம் வீட்டுக்கும் வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும்.

அக்காவின் சமையற்கட்டுக் கூரையில், குழல் விளக்கைக் கழற்றிய இடத்தில் நீளமாக ஒரு வெள்ளைத் தடம் இருந்தது. சுற்றிலும் பல வருட எண்ணெய்ப் புகை பழுப்பேறியிருந்தது. வெளிச்சத்தை நன்றாகத் திருப்பித் தரும் இடம் அதுதான் என்று டார்ச்சை அங்கேயே பிடித்தேன்.

அந்த வீட்டில் எரிந்தது வெள்ளை விளக்கு. நான் போட்டது ஆரஞ்சு. தெரிந்தேதான் போட்டேன், வெள்ளை போட்டிருந்தால் படம் ஆஸ்பத்திரி மாதிரி இருந்திருக்கும். ஷட்டரை ஒரே முறை திறந்து எடுத்த ஒரே எக்ஸ்போஷர், கணினியில் ஒரு புள்ளி கூடச் சேர்க்கவில்லை என்பது என் பக்க நியாயம். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் இந்தக் கலை தொடங்கிய விதம் நினைவுக்கு வரும்போது அந்த நியாயம் கொஞ்சம் தளர்கிறது. 1889-இல் பிரான்சில், உடலசைவை ஆராய்ந்த மாரேயும் தெமெனியும் உடலில் சிறு பல்புகளைக் கட்டி மனிதனை நடக்கவிட்டுப் படமெடுத்தார்கள். பிறகு அமெரிக்காவில், வேலை செய்யும் முறையை ஆராய்ந்த கில்பிரெத் தம்பதி தொழிலாளியின் கையில் விளக்கைக் கட்டி, கை போய்வரும் பாதையை அளந்தார்கள். 1949-இல் புகைப்படக்காரர் ஜோன் மிலியின் கேமரா முன் ஓவியர் பிகாசோ காற்றில் விளக்கால் வரைந்தபோதும், அந்தக் கோடு பிகாசோவின் கை போன வழிதான். படத்தில் ஒளி இருந்தால் அங்கே ஓர் ஆள் இருந்தார் என்று அர்த்தம். அக்காவும் அப்படித்தான் கேட்டார்: யாரு போட்டா? அச்சில் வந்த படத்தின் கீழ் அது டார்ச் வெளிச்சம் என்ற குறிப்பு இல்லை. நானும் கேட்டு வாங்கவில்லை.

அது ஒரு படம், ஆவணம் இல்லையே என்று சில நாள் தோன்றும். இடித்த பிறகு அந்தச் சன்னலுக்கு வேறு சாட்சி ஏது என்று மறுநாள் தோன்றும்.

பூட்டிய வீட்டைப் பற்றிப் பிறகு பலமுறை கணக்குப் போட்டேன். தாழ்வாரப் பக்கத்துச் சன்னலில் இரண்டு கண்ணாடிப் பட்டைகள் இல்லை. அந்த இடைவெளியில் டார்ச்சை நீட்டினால் கற்றையின் பெரும்பகுதி ஹாலிலேயே சிந்திவிடும். சமையற்கட்டுச் சுவருக்கு 8 மீட்டர். மற்ற வீடுகளில் 2 மீட்டர்தான். தூரம் நான்கு மடங்கானால் நேரம் பதினாறு மடங்கு: 7 நொடி 112 ஆகிவிடும். மூன்று வீட்டுக்கு 21 நொடி, வீடு விட்டு வீடு நடக்க ஒவ்வொரு முறையும் 20 நொடி. 120-க்குள் முடியாது என்று அன்றே விட்டிருந்தேன்.

கறுப்பு அட்டையை அப்போது நினைக்கவில்லை. ஷட்டரைத் திறந்தபடியே விட்டு, நான் நடக்கும் நேரத்தில் மட்டும் கீழே நிற்பவர் லென்ஸை அட்டையால் மூடினால் போதும். சுற்றுப்புற வெளிச்சம் சேராது. அட்டை பையில்தான் இருந்தது. 112-உம் 21-உம் 133. பதின்மூன்று நொடி கூடுதல், வானத்தில் அது தெரியவே தெரியாது.