பாயான் பாருவில் ஒரு மூங்கில் படல்

18 ஜனவரி 2025, சனி

பொங்கல் முடிந்த கையோடு, பினாங்குத் தீவில் பாயான் பாருவில் உள்ள எங்கள் வீட்டுக்குப் படல், அதாவது முடைந்த தட்டி வேலி, செய்ய மூங்கில் வந்து இறங்கிவிட்டது. பாலிக் புலாவிலிருந்து ஒரு பக்சிக் (மலாய்ப் பெரியவர்) தம்முடைய பழைய லோரியில் கொண்டு வந்தார். கேட்டபடியே இரண்டு வகை. தூணுக்குத் தடித்த பெத்தோங், முடைவதற்குச் செமந்தான். செமந்தானுக்குக் கணு இடைவெளி நீளம், சுவர் மெல்லிசு, நேராகப் பிளக்கும். கூடைக்கும், இறைச்சி கோத்து வாட்டும் சாத்தே குச்சிக்கும் இதைத்தான் எடுக்கிறார்கள்.

மாமா, அதாவது என் மாமனார், ஒவ்வொரு கழியையும் பாராங் கத்தியின் முதுகால் தட்டிப் பார்த்துப் பிரித்து வைத்தார். தோலில் வெள்ளைப் பாசி படிந்து கணீரென்று சத்தம் வந்தால் முற்றியது. பளபளவென்று பச்சையாக இருந்தால் இளசு, காய்ந்தால் சுருங்கிவிடும். மூங்கில் சில மாதத்திலேயே முழு உயரத்துக்கு வந்துவிடும், ஆனால் உறுதிப்பட மூன்று நான்கு வருஷம் ஆகும். ஆளைப் பார்த்து வயதைச் சொல்லிவிட முடியாது.

தேய்பிறையில் வெட்டியது என்று பக்சிக் சொன்னதும் மாமாவுக்கு ஏக திருப்தி. அப்போது வெட்டினால் பூச்சி விழாதாம். மலாய்க்காரருக்கும் தமிழருக்கும் இதில் ஒரே நம்பிக்கை. நிலாவைப் பற்றி நான் வாதாடவில்லை. பூச்சி தேடி வருவது மூங்கிலில் உள்ள மாச்சத்தை. அதைக் குறைத்தால் சரி.

19 ஜனவரி, ஞாயிறு

ஏன் இந்த வேலை என்று கணவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடையில் சுருட்டி விற்கும் மூங்கில் வேலி கிடைக்கிறதே என்கிறார். கிடைக்கிறதுதான். ஒல்லிக் குச்சிகளை மெல்லிய கம்பியில் கோத்திருப்பார்கள். நம் ஊர் மழைக்குக் கம்பி துருப்பிடிக்கும், குச்சிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். பிளாஸ்டிக் இலை ஒட்டிய தட்டி அதைவிட மோசம். உண்மையான செடிக்குப் பின்னால் பொய்ச் செடியை நிறுத்துவதில் என்ன அழகு?

எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டில் பழைய கம்பி வேலி. அதன் வழியே தெருவின் குப்பைத் தொட்டி வரிசையும், சாயங்கால வெயிலும் நேராக உள்ளே வருகின்றன. அந்த வேலியைத் தொடாமல், உள்பக்கம் தள்ளி, நாலடி உயரத்தில் முடைந்த படல்களை நிறுத்துவதுதான் திட்டம். தகரமோ பலகையோ வைத்து அடைத்தால் காற்று மேலே ஏறிக் குதித்து, பின்னால் உள்ள செடியை அடிக்கும். முடைந்த வேலி காற்றை முழுக்கத் தடுக்காது, வேகத்தை மட்டும் குறைக்கும்.

26 ஜனவரி, ஞாயிறு

காலை முழுக்கப் பிளந்தோம். பிளந்தார் மாமா, நான் பிடித்தேன், எண்ணெய் தடவினேன், தேநீர் போட்டேன். நுனிப் பக்கத்திலிருந்து நடுவில் பாராங்கை வைத்து ஒரு தட்டு. முதல் கணு உடையும் வரைதான் பலம் வேண்டும், பிறகு அதுவே வழிவிடும். பாதி, பாதியில் பாதி என்று போய், மூன்று சென்டிமீட்டர் பிளாச்சாக வந்ததும் உள்பக்கத்து வெள்ளைச் சதையைச் சீவி எடுக்க வேண்டும். பலமெல்லாம் வெளித்தோலில்தான். உள்சதை பூச்சிக்குத் தீனி.

ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

சீவிய பிளாச்சுகள் நீல டிரம்மில் ஊறுகின்றன. தண்ணீரில் ஊறினால் மாச்சத்து வெளியேறும்; ஆற்றில் மூங்கிலைப் போட்டுவைப்பது பழைய வழக்கம். தண்ணீரை அவ்வப்போது மாற்றி, டிரம்மை மூடியே வைத்திருக்கிறேன். போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலில் ஊறவைப்பது இன்னும் உறுதியான முறை. வீட்டுக்குள் வைக்கும் மூங்கில் சாமானுக்கு நல்லது. மழையில் நிற்கும் வேலியில் அந்த உப்பு கரைந்து வெளியே போய்விடும் என்பதால், மேலே எண்ணெயோ வார்னிஷோ பூசாமல் அதை நம்ப முடியாது. தூண் கழிகளுக்கு மட்டும் அப்படிச் செய்து மேலே பூசப் போகிறோம்.

29 ஜனவரி, புதன்

சீனப் புத்தாண்டு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாண்டரின் ஆரஞ்சு கொடுத்தார், டிரம்மைத் திறந்து பார்த்தார், ஊறுகாயா என்று கேட்டார். வேலை எதுவும் இல்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

இன்று முடைந்தோம். இதை விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

மாமா வளர்ந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். கோழிக்கூடு, கத்தரிப் பாத்தி, குளிக்கும் மறைப்பு எல்லாமே படல்தானாம். விலைக்கு வாங்கியது ஆணி மட்டும்.

தரையில் ஒரு நீளப் பலகையைப் போட்டு, அதில் துளைகள் இட்டு, ஏழு குச்சிகளை நிறுத்தினார். குச்சிகள் ஒற்றைப்படையாக இருந்தால், முன்புறம் தொடங்கும் பிளாச்சு முன்புறமே முடியும், அடுத்த வரிசை பின்புறம் தொடங்கிப் பின்புறம் முடியும். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி தெரியும். ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டு மூன்று வரிசைக்கு ஒருமுறை மரக்கட்டையால் தட்டி இறக்க வேண்டும். கணுக்கள் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் அந்த இடம் புடைத்துக்கொள்ளும். அதனால் ஒரு பிளாச்சைத் தலைப்பக்கமாகவும் அடுத்ததை வால்பக்கமாகவும் மாற்றி மாற்றி விடுவது.

இங்கிலாந்தில் இதே வேலையை ஹேசல் மரக் கிளையிலும் வில்லோ மரக் கிளையிலும் செய்கிறார்கள். மரத்தை அடியோடு வெட்டிவிட்டு, அடிக்கட்டையிலிருந்து நேராகத் தழைக்கும் குச்சிகளை எடுப்பார்கள். ஓரம் வந்ததும் ஹேசல் குச்சியைக் கயிறு மாதிரி முறுக்கித் தூணைச் சுற்றித் திருப்பி அனுப்பிவிடலாம். உள்நார் பிரிந்தாலும் குச்சி ஒடியாது. படத்தைப் பார்த்து இதை மூங்கிலில் செய்ய நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒடியும். தோலை மட்டும் உரித்த மெல்லிய நாராக இருந்தால்தான் மூங்கில் அப்படித் திரும்பும். மாமா ஓரங்களைத் திருப்பவே இல்லை. நீட்டி விட்டு, இரண்டு பக்கமும் அரைக்கழி வைத்து நெருக்கி, பிரம்பு நாரால் இறுக்கிக் கட்டி, மிச்சத்தை ரம்பத்தால் ஒரே சீராக அறுத்தார். கேபிள் டை போட்டால் சீக்கிரம் முடியுமே என்றார் கணவர்.

"போடுங்க தம்பி, நான் உள்ள போயிடுறேன்" என்றார் மாமா. மகனைத் தம்பி, போடுங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம். பிரம்பு நாரே நின்றது.

முதல் படலை நெருக்கமாக முடைந்தோம். அடுத்ததில் நடுப்பகுதியை மட்டும் ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, பிளாச்சுகளைக் குறுக்காகச் சாய்த்துக் கண்ணி கண்ணியாக விட்டார். மதிய வெயில் அதன் வழியாகச் சிமெண்டுத் தரையில் கட்டம் போட்டது. என்னைக் கேட்டால் முடைந்த வேலியின் அழகு அந்த நிழலில்தான் இருக்கிறது. இனி எல்லாப் படலிலும் கண்ணி வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயில். கால் வலி. வேலை இல்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

படல்களை நிறுத்தியாகிவிட்டது. மூங்கிலை மண்ணில் புதைக்கவில்லை. ஈரமண்ணில் நட்ட மூங்கில் இங்கே ஓரிரு வருஷத்தில் அடியில் அழுகும், இல்லாவிட்டால் கறையான் தின்னும். கான்கிரீட் கட்டைக்குள் இரும்புக் கம்பியை நிறுத்தி, தூணின் அடிப்பக்கத்தை அதில் செருகினோம். தரைக்கும் படலுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. ஒவ்வொரு படலும் தனித்தனி. ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். மொத்தமாகப் பின்னி நீள வேலியாக நிறுத்தினால் ஒரு மூலை அழுகினாலும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் தூணின் தலை. மூங்கிலைக் கணுவுக்கு நடுவில் வெட்டினால் அது ஒரு குவளை. மழைத்தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிடும். வெட்டிய மூங்கில் அந்தக் கொசுவுக்குப் பிடித்த இடம். வீட்டில் கொசுப்புழு கண்டால் 1975-ஆம் ஆண்டின் சட்டப்படி அபராதம் உண்டு; டெங்கி வந்தால் அதைவிடச் செலவு. அதனால் எல்லாத் தூணையும் கணுவுக்குச் சற்று மேலே அறுத்தோம். கொஞ்சம் குழி விழுந்த இடங்களில் சிமெண்ட் வைத்து மேடாக்கினோம்.

22 மார்ச், சனி

பச்சை போய் வைக்கோல் நிறம் வந்துவிட்டது. வெயில் படும் பக்கம் சாம்பல் நிறத்துக்குப் போகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. கணவர் வார்னிஷ் டப்பாவோடு சுற்றுகிறார்.

கொடிக்குச் சங்குப்பூவும் பாகலும் போட்டிருக்கிறேன். காகிதப்பூவோ பேஷன் புரூட்டோ வேண்டாம். முற்றிய கொடியின் எடையில் படல் சாய்ந்துவிடும். செடிகளையும் வேலியை ஒட்டி நடவில்லை. கை நுழையும் இடம் விட்டால்தான் மழைக்குப் பிறகு மூங்கில் காயும். காயாத இடத்தில்தான் கறுப்புப் பூஞ்சை பிடிக்கிறது.

கறிவேப்பிலைப் பாத்தியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கும் குறைவாக ஒரு குட்டி வேலி. ஊடுகுச்சிக்குச் செம்பருத்தியிலும் கொய்யாவிலும் கழித்த கிளைகள். நிற்கும் குச்சிகளை மட்டும் மாமா எங்கிருந்தோ வெட்டி வந்து நட்டார். என்ன குச்சி என்று கேட்டேன். "பாத்துக்கிட்டே இரும்மா" என்றார்.

20 ஏப்ரல், ஞாயிறு

விடியற்காலை சுமத்ரா காற்று. மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து ஒரு மணி நேரம் ஆட்டிவிட்டுப் போயிற்று. எதிர்வீட்டுத் தகரத் தடுப்பு சாலையில் கிடந்தது. எங்கள் படல்கள் நிற்கின்றன. ஒன்றில் பிரம்புக் கட்டு தளர்ந்திருந்தது. மாமா காலைப் பசியாறுவதற்கு முன்பே கட்டிவிட்டார். காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கணவரை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

1 மே, வியாழன்

குட்டி வேலி முளைத்துவிட்டது. அது மரவள்ளிக் குச்சி. வேலிக்கு வேலி, கிழங்குக்குக் கிழங்கு என்கிறார் மாமா. ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கிழங்கையே தின்று பிழைத்த கதையை அவருடைய அம்மா சொல்லிச் சொல்லி, ஒரு குச்சியைக்கூட எறிய மனசு வராதாம். எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) இளந்தளிரைப் பார்த்ததும், சோற்றோடு தொட்டுத் தின்னும் கீரையான ஊலாமுக்குக் கேட்டார். நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும், பச்சையாக ஆகாது. அது என்னைவிட அவருக்கே நன்றாகத் தெரியும்.

கணவர் கணக்கு வேறு. வேர் பெருத்தால் கறிவேப்பிலையைத் தின்றுவிடும், பிடுங்கிவிட்டு மூங்கில் முளை அடிப்போம் என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. சனிக்கிழமை பிடுங்குவதாகப் பேச்சு. அதற்குள் கொஞ்சம் குச்சிகளைப் பின்பக்கத் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.