மாட்டு டாக்டர் வாட்ஸ்அப்புக்கு வந்த கதை

எனக்கு வயது 56. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1992-இல் படிப்பை முடித்தேன். இப்போது காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஓர் ஊரில் மாடு, ஆடு, நாய் என்று வருவதையெல்லாம் பார்க்கிறேன். காலை ஐந்தரைக்கு முதல் அழைப்பு வந்துவிடும். பாதி நேரம் கை தோள்வரை மாட்டுக்குள் இருக்கும், மீதி நேரம் வண்டியில். போன் என்பது பேசுவதற்கு. அதில் படம் பார்ப்பவர்களுக்கு வேலை இல்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

2022-இல் மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாகப் புடைக்கும் தோல் கழலை நோய் வந்த சமயம் அந்த நினைப்பு மாறியது. ராஜஸ்தான், குஜராத் பக்கம் மாடுகள் செத்துக் கிடக்கும் படங்கள் எல்லார் போனிலும் சுற்றின. கூடவே, பால் குடித்தால் மனிதர்களுக்கும் அந்த அம்மை வரும் என்று ஒரு செய்தி. வாடிக்கையாகப் பால் ஊற்றுகிற ஒரு அம்மா என்னிடம் வந்து அழுதார். நான்கு வீட்டில் பாலை நிறுத்திவிட்டார்களாம். அவருடைய மாட்டுக்கு நோயே இல்லை. அந்த நோய் மனிதர்களுக்குத் தொற்றாது, பாலைக் காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் ஆகாது. நான் ஒவ்வொரு தொழுவத்திலும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்லியிருப்பேன். அந்தச் செய்தி அதே நாளில் எத்தனை ஆயிரம் பேரிடம் போனதோ.

சரி, நாமும் இறங்கிப் பார்ப்போம் என்று கோவையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் அக்கா மகளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சாப்பிட்டு முடித்த கையோடு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ட்விட்டர், லிங்க்ட்இன், யூடியூப் என்று ஐந்து கணக்கு தொடங்கிவிட்டாள். "அவ்வளவுதான் மாமா, இனி தினமும் ஏதாவது போட்டுட்டே இருங்க" என்றாள். பாஸ்வேர்டுகளை மருந்துச்சீட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டேன். மறுநாள் ஒரு மாட்டுக்காரருக்கு அந்தத் தாளிலேயே டானிக் எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் எதையும் தொடவில்லை. ஐந்து கணக்கிலும் என் பழைய பாஸ்போர்ட் சைஸ் படம் முறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அவள் மேல் தப்பில்லை. புதிதாகக் கன்று போட்ட வீட்டில் ஐந்து மாட்டைக் கொண்டுபோய்க் கட்டினால் யார் கறப்பது?

மறுபடி தொடங்கியது என் உதவியாளர் பையனால். "ஐயா, நம்ம ஆளுங்க யாருங்க லிங்க்ட்இன்ல இருக்கறாங்க? எல்லாரும் வாட்ஸ்அப்லதானுங்க இருக்கறாங்க" என்றான். இவ்வளவு எளிய கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. என்னிடம் வருகிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே ஒரே இடத்தில் உட்கார்ந்தால் போதும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

வாட்ஸ்அப் பிசினஸ் என்று தனிச் செயலி இருக்கிறது, காசு கிடையாது. ஒரே எண்ணைச் சாதா வாட்ஸ்அப்பிலும் இதிலும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது, ஏதாவது ஒன்றில்தான். நான் இருந்த எண்ணையே மாற்றிக்கொண்டேன். அதற்கு முன்னால் பழைய உரையாடல்களை பேக்கப் எடுக்க வேண்டும் என்பது பையனுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. அவன் இல்லையென்றால் பேத்தி படங்கள் எல்லாம் போயிருந்தாலும் போயிருக்கும்.

அடுத்தது பிராட்காஸ்ட் லிஸ்ட். குரூப் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். எங்கள் தெரு குரூப்பில் ஒருவர் காலை வணக்கம் போட்டால் எழுபது பேர் பதில் வணக்கம் போடுகிறார்கள். பிராட்காஸ்டில் நாம் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், பதிலும் நமக்கு மட்டும் வரும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணை அவர்கள் தங்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதில் எனக்குக் கவலையில்லை. மாடு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் "மாட்டு டாக்டர்" என்று என் எண் இருக்கும்.

சிக்கல் என் பக்கம்தான். என் போனில் மனிதர்கள் பெயரே இல்லை. "செவலை கால் ஒடிஞ்சது", "கருப்பு ஜெர்சி கீழ்க்காடு", "கடிக்கிற நாய்" என்று முப்பது வருடப் பழக்கத்தில் மாட்டின் பெயரில்தான் எண்களைப் போட்டு வைத்திருந்தேன். அந்தச் செவலையை விற்றே எட்டு வருடம் ஆகியிருக்கும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற இரண்டு வாரம் பிடித்தது. இந்த மொத்தக் கதையிலும் கஷ்டமான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எழுதுவது எனக்கு ஆகவில்லை. தடித்த விரலுக்கு அந்த எழுத்துகள் ரொம்பச் சின்னது. கீபோர்டில் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் தமிழில் அதுவே எழுதும் என்று காட்டிக் கொடுத்தார்கள். எழுதத்தான் எழுதியது. "சினை மாடுகளுக்கு" என்று நான் சொன்னதை "சீனா மாடுகளுக்கு" என்று எழுதி, நானும் கவனிக்காமல் 200 பேருக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம் குரல் பதிவுக்கு மாறிவிட்டேன். மைக்கை அழுத்திக்கொண்டு விரலை மேலே தள்ளினால் அது தானே நின்றுகொள்ளும். கையை எடுத்துவிட்டு நிம்மதியாகப் பேசலாம்.

முதல் குரல் பதிவு தோல் கழலை பற்றித்தான். ஒன்றரை நிமிடம். மனிதர்களுக்கு வராது, நோய் வந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், கொசுவும் உண்ணியும் ஈயும்தான் பரப்பும், ஞாயிற்றுக்கிழமை கோயில் திடலில் தடுப்பூசி முகாம் என்று சொன்னேன். மூன்றாம் நாள் திண்டுக்கல்லிலிருந்து சகலை அதே குரலை எனக்கே அனுப்பி, "யாரோ ஒரு டாக்டர் நல்லா சொல்லியிருக்கார், கேளுங்க" என்றார். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது, பல கை மாறிய செய்தி என்று அர்த்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை அடுத்த வருடம் இறங்கியது. ஒரு ஞாயிறு காலையில் கோயில் திடலில் பதினைந்து பேர் மாட்டோடு வந்து நிற்கிறார்கள் என்று போன் வந்தது. என் பழைய குரல் சுற்றிச் சுற்றி ஒரு வருடம் கழித்து ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது. நான் தேதியும் சொல்லவில்லை, என் பெயரும் சொல்லவில்லை. போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். அதில் மூன்று பேர் நான்கு கிலோமீட்டர் நடத்திக் கூட்டி வந்திருந்தார்கள். அன்று முதல் எந்தப் பதிவானாலும் முதல் வரியில் என் பெயர், ஊர், தேதி, வருடம். ரேடியோக்காரர்கள் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் கிண்டல் செய்கிறார்கள்.

வீடியோவுக்கு வந்தது மாட்டுப் பொங்கலால். ஒவ்வொரு வருடமும் தை மூன்று, நான்காம் தேதிகளில் எனக்குத் தூக்கம் கிடையாது. பிரியத்தில் மாட்டுக்கு வாளி வாளியாகப் பொங்கலை வைத்துவிடுவார்கள். வைக்கோலும் சோளத்தட்டும் தின்று பழகிய வயிற்றுக்குள் அவ்வளவு சோறு ஒரேயடியாகப் போனால் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதை வேகமாகப் புளிக்க வைத்து வயிறு முழுக்க அமிலம் ஆக்கிவிடும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், கழியும், தள்ளாடும், கவனிக்காவிட்டால் செத்தும் போகும். பண்டிகைக்கு மறுநாள் மஞ்சள் குங்குமத்தோடு விழுந்து கிடக்கும் மாட்டைப் பார்ப்பது எனக்கே ஆகாது.

2023 பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு இதையே வீடியோவாக எடுத்தோம். முதல் முறை இஸ்திரி போட்ட சட்டை, மேசை, பின்னால் பட்டச் சான்றிதழ். "அன்பார்ந்த கால்நடை வளர்ப்போர்களே" என்று ஆரம்பித்தேன். பையன் போனை இறக்கிவிட்டான். "ஐயா, நீங்க தொழுவத்துல திட்டற மாதிரியே சொல்லுங்க" என்றான். மறுபடி தொழுவத்தில், ஒரு வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது உனக்கா மாட்டுக்கா? ஒரு கைப்பிடி வை, கும்பிடு, மிச்சத்தை நீ சாப்பிடு" என்று பேசினேன். காற்று சத்தம் பாதியை விழுங்கியது. சுவரோரம் நின்று மூன்றாவது முறை எடுத்தது சரியாக வந்தது. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. யூடியூபில் ஏற்றி, அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்.

அந்த வருடம் பொங்கல் தின்று வந்த மாடுகள் மூன்று. வழக்கமாக ஏழெட்டு வரும். வீடியோவால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்றில் ஒன்றின் உடைமைக்காரர், "வீடியோவைப் பாத்தனுங்க, அப்பாதான் கேக்கலை" என்று தலையைச் சொறிந்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. புதிதாக என்ன சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. போனில் ஒரே கேள்வியை ஒரு வாரத்தில் ஐந்து பேர் கேட்டால் அதுதான் அந்த வாரத்துப் பதிவு. பையன் மருந்துச்சீட்டின் பின்பக்கம் கோடு போட்டு எண்ணி வைக்கிறான்.

எல்லாம் நன்றாகவே போய்விடவில்லை. மாசியில் ஒரு வீட்டில் மாட்டு வயிற்றில் கன்று குறுக்கே நின்று, கயிறு போட்டு இழுத்தெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கன்று உயிரோடில்லை, மாடு பிழைத்தது. சினை மாட்டைப் பற்றி எப்போது டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு நல்ல பாடம் என்று, எடுத்த வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டேன். ஃபேஸ்புக் அதை மறைத்து மேலே எச்சரிக்கை போட்டது. அது பரவாயில்லை. இரண்டாம் நாள் அந்த வீட்டுக்காரர் வந்தார். வீடியோவில் பின்னால் அவருடைய ஒழுகுகிற கூரையும் கிழிந்த தார்ப்பாயும், நைட்டியோடு கை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவர் மனைவியும் தெரிந்தார்கள். "ஊரே பாத்துட்டு எங்கூட்டைப் பத்திப் பேசுதுங்க டாக்டர்" என்றார். கோபம் கூட இல்லை அவர் குரலில்.

அவரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். எப்போது கேட்டேன்? அவர் மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில். அந்த நேரத்தில் நான் எதைக் கேட்டிருந்தாலும் "செரிங்க" என்றுதான் சொல்லியிருப்பார். வீடியோவை உடனே நீக்கினேன். அதற்குள் யாரோ இறக்கி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள், அதை யாரால் பிடிக்க முடியும்? இப்போதெல்லாம் வேலை முடிந்து, கை கழுவி, டீ குடித்து, எடுத்ததை அவர்களுக்கே போட்டுக் காட்டிவிட்டுத்தான் கேட்கிறேன். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள்.

இன்னொரு தொல்லை, ராத்திரிகள். வீடியோவில் முகம் தெரிந்ததும் எங்கெங்கிருந்தோ படங்கள் வரத் தொடங்கின. பதினொரு மணிக்கு ஒரு மடியின் படம், "என்ன மருந்து டாக்டர்?" என்று. மாட்டைத் தொடாமல் நான் மருந்து சொல்வதில்லை. முதல் மாதம் ஒவ்வொருவருக்கும் விளக்கிப் பதில் பேசியதில் வீட்டுக்காரி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். வாட்ஸ்அப் பிசினஸில் நேரம் குறித்து வைத்தால் அந்த நேரத்தில் வருகிற செய்திகளுக்குத் தானே ஒரு பதில் போகும். இரவு எட்டரையிலிருந்து காலை ஐந்து வரை, "மாடு விழுந்து கிடந்தால் போன் அடியுங்கள். மற்றதைக் காலையில் பார்க்கிறேன். வெளியூர் என்றால் 1962-க்குக் கூப்பிடுங்கள்" என்று வைத்திருக்கிறேன். 1962 நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண். மற்ற நேரத்துக்கு, அடிக்கடி சொல்கிற பதில்களைச் சேமித்து வைத்து, சாய்கோடு போட்டால் எடுத்துக்கொடுக்கும் வசதியும் அதில் உண்டு. மடிநோய்க்கு முதலுதவியாக நான் சொல்கிற சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைப்பு இப்போது இரண்டு தட்டலில் போய்விடுகிறது.

ஒருமுறை ஃபேஸ்புக் பக்கத்துக்கு, காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பக்கம் முடக்கப்படும், கீழே தொடவும் என்று வந்தது. தொட்டு பாஸ்வேர்டு கேட்கும் இடம் வரை போய்விட்டேன். அது பாஸ்வேர்டு திருடுகிற மோசடியாம், பாஸ்வேர்டு ஞாபகம் இல்லாததால் தப்பித்தேன். அக்கா மகள் மறுபடி வந்து, பாஸ்வேர்டு தெரிந்தாலும் வேறு யாரும் நுழைய முடியாதபடி இரண்டடுக்குப் பூட்டு போட்டுக் கொடுத்தாள். இன்ஸ்டாகிராமும் ட்விட்டரும் லிங்க்ட்இன்னும் எங்கேயோ கிடக்கின்றன, நான் போவதில்லை.

போன மாதம் அந்த ஒழுகுகிற கூரை வீட்டிலிருந்து விடிகாலையில் அழைப்பு. அதே மாடு, கன்று போட்டு இரண்டாம் நாள், எழுந்திருக்கவில்லை. கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் போட்டுக் கிடந்தது, காது சில்லென்றிருந்தது. பால் காய்ச்சல் என்று பெயர்தானே தவிர காய்ச்சல் இருக்காது, ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கும். ரத்தக்குழாயில் மெதுவாகக் கால்சியம் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் என் சட்டைப் பையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுக்கலீங்களா?" என்றார்.

"வேண்டாங்க, போன தடவையே…"

"இந்தவாட்டி எடுத்துக்கோங்க. ஓடு மாத்தி, சுண்ணாம்பு அடிச்சாச்சு."

பையன் எடுத்தான். மாடு எழுந்து நின்று கன்றை நக்கிய பிறகு அவருக்கும் அவர் மனைவிக்கும் போட்டுக் காட்டினோம். அந்த அம்மா மட்டும், தன் முகம் வருகிற இடத்தை வெட்டிவிடச் சொன்னார். வெட்ட எனக்குத் தெரியாது. பையன் கற்றுக்கொண்டிருக்கிறான்.