ஏட்டி என்று கூப்பிட ஒரு குளிர்காலம்

எங்கள் திருநெல்வேலியில் பையனை "ஏலே" என்போம், பெண்ணை "ஏட்டி" என்போம். வீட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். 2022 செப்டம்பரில் டொராண்டோ வந்து, ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் குடியேறினோம். அப்போது என் பிள்ளைக்குப் பதினான்கு வயது, வீட்டில் "ஏலே"தான். அடுத்த பிப்ரவரியில் ஒரு ராத்திரி நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "அம்மா, நான் பையன் இல்லம்மா" என்றாள். குழாயை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவள்தான் கை நீட்டி மூடினாள்.

பழைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புதிய பெயர் அவளுடையது, அதையும் விட்டுவிடுகிறேன்.

அன்றைக்கு எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஊரில் ரயிலிலும் கடைத்தெருவிலும் பார்த்த திருநங்கைகளின் வாழ்க்கைதான் கண் முன்னால் வந்தது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் அவர்கள். துரத்தியது என்னைப் போன்ற அம்மா அப்பாக்கள்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. தமிழ்நாட்டில் 2008லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த திருநங்கை, பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார். இதெல்லாம் எனக்குச் செய்தியாகத் தெரியும். என் சமையலறைக்குள் வரும் விஷயமாக ஒரு நாளும் நினைத்ததில்லை.

குளிர்காலம் அவளுக்குப் பிடித்திருந்தது. மைனஸ் பதினைந்தில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எல்லோரும் ஒரே மாதிரி பெரிய ஜாக்கெட்டுக்குள் இருப்பார்கள். யார் பையன், யார் பெண் என்று யாருக்கும் தெரியாது. மே மாதம் ஜாக்கெட் கழன்றதும் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வால்யூ வில்லேஜில் பழைய துணி அடுக்குக்குள் ஒரு நீலப் பாவாடையை எடுத்து, வைத்து, திரும்ப எடுத்து, என் கூடையில் என் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். நான் அதை வெளியே எடுத்து மேலே போட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மடித்துக் கொடுத்தார்.

பேச்சுதான் எங்களுக்குப் பெரிய பாடு. தமிழில் நேருக்கு நேர் பேச "நீ" போதும், அதில் ஆண் பெண் இல்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் சிக்கல் வந்துவிடும். வந்தானா, வந்தாளா? நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். "பிள்ளை வந்துச்சு, பிள்ளை சாப்பிட்டுச்சு." ஒரு நாள் அதைக் கேட்டுவிட்டு, "அம்மா, என்னை 'அது' ஆக்காதே" என்றாள். ஊரில் திருநங்கைகளை "அது வருது பாரு" என்று சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அன்று முழுவதும் வேலை செய்துகொண்டே வாய்க்குள் சொல்லிப் பழகினேன்: வந்தாள், குளித்தாள், தூங்கினாள்.

வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணம். மேல்வீட்டில் இருக்கிறார். "என்ன பிள்ளை, தொப்பி போடேல்லையே?" என்று வாசலில் நின்று கேட்பார். அவர் வாயில் அந்தப் "பிள்ளை" வேறு மாதிரி இருந்தது. முதல் நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டார், அதனால் அவருக்கு மாற்ற எதுவும் இல்லை. அவளும் அவரிடம் போய் உட்கார்ந்து புட்டு சாப்பிட்டுவிட்டு வருவாள்.

அவள் அப்பா கோபப்படவில்லை. ஆனால் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "ஏலே" வரக்கூடாது, "ஏட்டி" வரவில்லை. கதவைத் தட்டி "சாப்பாடு ரெடி" என்பார், அவ்வளவுதான். எட்டு மாதம் இப்படியே போனது. "அப்பா என்னைக் கூப்பிடுறதே இல்லம்மா" என்று அவள் சொன்ன பிறகுதான் நானே கவனித்தேன்.

பள்ளிக்கூடத்துச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். செப்டம்பரில் பாவாடையோடு போக ஆரம்பித்ததிலிருந்து, நான் நிறைத்துக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்தது. சாயங்காலம் தலைவலி என்று படுத்துவிடுவாள். குளிருக்குத் தாகம் எடுக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் அது இல்லை. பையன்கள் கழிப்பறைக்குப் போக முடியாது, பெண்கள் கழிப்பறைக்குப் போகப் பயம். தனியாக இருந்த ஒரே கழிப்பறையின் சாவி ஆபீஸில் இருந்தது. ஒவ்வொரு முறையும் போய்க் கேட்க வேண்டும், வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். அதனால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள்.

எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனாலும் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் கைடன்ஸ் கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டத்தில் பாலின அடையாளம் 2012லேயே சேர்க்கப்பட்டுவிட்டது என்று வீட்டுக்கார அம்மாவின் மகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். தாளை எடுக்க வேண்டியிருக்கவில்லை. மேஜைமேல் அந்த நிறைந்த பாட்டிலை வைத்தேன். அந்த வாரமே அந்தக் கழிப்பறைக் கதவைப் பூட்டாமல் விட்டார்கள். கம்ப்யூட்டரில் பெயரையும் மாற்றினார்கள். அதுவரை வழக்கமான டீச்சருக்குப் பதிலாகச் சப்ளை டீச்சர் வரும் நாளெல்லாம் பழைய பெயரை உரக்க வாசிப்பாராம், வகுப்பே திரும்பிப் பார்க்குமாம்.

டாக்டர் விஷயத்தில் நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. முதல் சந்திப்பில் ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை, பேச்சுதான். பெயர், உடை, முடி இவற்றோடு அவள் எப்படி இருக்கிறாள், தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று கேட்டார். மருந்தைப் பற்றிப் பேச ரத்தப் பரிசோதனை, சிறப்பு மருத்துவர், காத்திருப்பு என்று நீண்ட வழி இருக்கிறது. எல்லாவற்றையும் அவளைப் பார்த்தேதான் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்தபோது அவளுடைய ஹெல்த் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆணா பெண்ணா என்று அதில் போடவே இல்லை. 2016லிருந்து ஒன்டாரியோவில் அச்சிடுவதில்லையாம். அவள் அதை என்றைக்கோ பார்த்துவிட்டிருக்கிறாள். "அதான்மா எனக்குப் பிடிச்ச கார்டு" என்றாள்.

முடி இப்போது தோளைத் தொடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைத்துப் பின்னிவிடுகிறேன். எலிவால் பின்னல்தான், ஆனாலும் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள். காது குத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு வயதில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில், என் அண்ணன் மடியில் வைத்து இரண்டு காதும் குத்தியதுதான். எங்கள் பக்கம் பையனுக்கும் குத்துவோம். ஓட்டை தூரவில்லை. என் சிறு வயதுத் தோட்டைக் கொடுத்தேன், கொஞ்சம் எண்ணெய் தடவியதும் உள்ளே போய்விட்டது.

டிசம்பரில் முதல் ஐஸ் கட்டிய காலையில் மூன்று பேரும் பஸ்ஸுக்குப் போனோம். அவள் முன்னால் வேகமாக நடந்தாள். ஐஸ் உருக வாசல் படியில் உப்புப் போட மறந்திருந்தோம். கால் வழுக்கியது. "ஏட்டி, பாத்து!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். அவள் விழுந்தாள், முட்டி தேய்ந்தது, அப்படியே உட்கார்ந்துகொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் போய்த் தூக்கிவிட்டு ஜாக்கெட்டில் ஒட்டிய பனியைத் தட்டினார். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

ஆச்சிக்கு இன்னும் சொல்லவில்லை. எண்பத்தொரு வயது, எப்படிச் சொல்வது என்று நாளைக் கடத்துகிறோம். போன ஞாயிறு வீடியோ காலில் அவள் தோட்டைக் கழற்ற மறந்துவிட்டாள். ஆச்சி போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"காது ஓட்டை தூந்து போகலியா?"

"இல்ல ஆச்சி."

"ராத்திரி கழட்டினா வேப்பங்குச்சி போட்டு வை" என்றார்கள்.