பேட்ச் செய்திகள்

ஆண்கள் மட்டும் படிக்கும் தனியார் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் செய்தி மடலில் கட்டடத் திறப்பு, விளையாட்டு விழா, தலைமையாசிரியர் கடிதம் எல்லாம் முன்பக்கங்களில் வரும். யார் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று பேட்ச் வாரியாக நாலைந்து வரிக் குறிப்புகள் கடைசிப் பக்கங்களில் வரும். அந்தப் பக்கங்கள்தான் என் பொறுப்பு. மடல் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் பின்னாலிருந்துதான் புரட்டுகிறார்கள். முதலில் தன் பேட்ச், அப்புறம் ஒரு வருட சீனியர்கள், ஜூனியர்கள். பிறகு நேரமிருந்தால் தலைமையாசிரியர்.

இது பழைய வழக்கம். அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் 1821-இல் தொடங்கியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் இதழ் 1900-லிருந்து வருகிறது. ஹார்வர்டில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பேட்சும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிச் சிவப்பு அட்டைப் புத்தகமாகப் போட்டுக்கொள்கிறது. எங்கே நடந்தாலும், யாராவது ஒருவர் விடாமல் கேட்டு வாங்கினால்தான் பக்கம் நிரம்பும். எங்களுக்கும் பேட்சுக்கு ஒரு பிரதிநிதி உண்டு. பிரதிநிதி சுறுசுறுப்பானவராக இருந்தால் அந்த பேட்சில் எல்லோரும் சிறப்பாக வாழ்வதுபோலத் தெரியும். அவர் ஓய்ந்துவிட்டால் பேட்சே காணாமல் போய்விட்டதுபோல் இருக்கும்.

வருகிற குறிப்புகளுக்கு ஒரு வயது வரிசை இருக்கிறது. இருபதுகளில் இருப்பவர்கள் மேல்படிப்பையும் முதல் வேலையையும் எழுதுகிறார்கள். முப்பதுகளில் கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு. ஓய்வு பெற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அவர்களைச் சுருக்குவதுதான் கஷ்டம். நடுவில், நாற்பதுகளில், சத்தமே இருக்காது. வேலை போவது, விவாகரத்து, பெற்றோரின் நோய், தனக்கே வரும் நோய் எல்லாம் பலருக்கு அந்த வயதில்தான் வந்து சேர்கின்றன. எழுதுவதற்கு மிக அதிகமாக இருக்கும் காலத்தில்தான் எழுத ஒன்றுமில்லை என்கிறார்கள்.

இதற்கு எங்கள் பள்ளி மாதிரியான இடங்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரேங்க் அட்டை, மாணவர் தலைவர் பட்டியல், பந்தய முடிவுகள் என்று எல்லாவற்றையும் பலகையில் எழுதி வைத்துப் பழக்கப்படுத்திய பையன்கள் இவர்கள். முப்பது வருடம் கழித்து இந்தக் குறிப்புகளையும் அந்தப் பலகையாகவே படிக்கிறார்கள். கம்பெனியில் துணைத் தலைவரானவன் எழுதுகிறான். ஆகாதவன் படித்துவிட்டு மூடி வைக்கிறான்.

அப்படி நெடுநாள் எழுதாத ஒருவரிடம் முகவரி சரிபார்க்கப் போனில் பேசினேன். “எழுத என்ன சார் இருக்கு? கம்பெனியை மூடிட்டாங்க. அப்பாவைப் பாத்துக்கிட்டு வீட்டிலதான் இருக்கேன்” என்றார். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். “மரவேலைக்கூடம் இன்னும் இருக்கா சார்?” என்று கேட்டார். இருக்கிறது என்றதும் குரல் மாறிவிட்டது. படுக்கையில் இருக்கும் அப்பாவுக்குப் புண் வராமலிருக்க இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும் என்று சொன்னார். புரட்டும்போது அப்பா பிடித்துக்கொள்ள ஒரு மரச்சட்டம் தேவைப்பட்டதாம். இரண்டு மரத்துண்டுகளைக் கொத்திப் பொருத்துவது பள்ளியில் கற்ற வேலை. அதை நினைவுபடுத்தித் தானே செய்து கட்டிலில் மாட்டியிருக்கிறார்.

அதையே நாலு வரியாக எழுதிப் படித்துக் காட்டினேன். “இதையா போடுவீங்க?” என்றார். வேண்டாம் என்றால் போட மாட்டேன், ஆனால் போட ஆசை என்றேன். ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த இதழுக்குப் பிறகு அவருடைய பேட்சிலிருந்து, அதுவரை ஒரு வரியும் எழுதாதவர்கள் எழுதினார்கள். ஒருவர், தானும் அம்மாவை அப்படித்தான் பார்த்துக்கொண்டதாகச் சொல்லி அவருடைய நம்பரைக் கேட்டார். இரு பக்கமும் சம்மதம் கேட்டுக் கொடுத்தேன்.

1938-இல் ஹார்வர்டு மாணவர்கள் 268 பேரை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அத்தனை பேரும் ஆண்கள். அவர்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து கேள்வித்தாள் அனுப்பி, நேரில் பேசி, மருத்துவக் குறிப்புகளை வாங்கிப் பார்த்தார்கள். முதுமையில் யார் நலமாக இருப்பார்கள் என்பதை ஐம்பது வயதில் ரத்தத்தில் இருந்த கொழுப்பின் அளவைவிட, அந்த வயதில் இருந்த உறவுகளின் நிறைவு நன்றாகக் காட்டியது. நடு ராத்திரியில் உடம்பு முடியாமலோ பயந்தோ போனால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பதும் அவர்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று. ஒரு பெயரையும் சொல்ல முடியாதவர்கள் இருந்தார்கள்.

எங்கள் படிவத்தில் ‘தற்போதைய பதவி’ முதல் கட்டமாக இருந்தது. அதைக் கீழே இறக்கி, ‘பள்ளி நண்பர்களில் இன்னும் யாருடன் பேசுகிறீர்கள்?’ என்பதை மேலே வைத்தேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. நன்கொடை கேட்கப் பதவி விவரம் வேண்டும் என்றார்கள். நியாயம்தான், அந்தப் பணத்தில்தான் உதவித்தொகையில் பையன்கள் படிக்கிறார்கள். அதற்குத் தனிப் படிவம் இருக்கட்டும். கடைசிப் பக்கங்கள் நண்பனைத் தேடுகிறவர்களுக்கு வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இரங்கல் குறிப்புகளில் மட்டும் அவசரமே படுவதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை வைத்து ஒரு பெயரையும் போடுவதில்லை. குடும்பத்தில் ஒருவர் வாயால் கேட்க வேண்டும். எப்படி இறந்தார் என்பது அவர்கள் விரும்பினால் மட்டும்.

1990-களின் நடுவில் வெளியேறிய சில பேட்சுகளுக்கு இப்போது பிரதிநிதியே இல்லை. பழைய விடுதிப் பதிவேட்டை எடுத்து அறை அறையாகப் பெயர்களைக் குறித்து வருகிறேன். அறைக்கு நாலு பேர். ஒருவர் கிடைத்தால் போதும். மற்ற மூவரின் நம்பர் அவரிடம் இல்லாவிட்டாலும், யாரிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.