கூதிர் காலமும் கார்த்திகைப் பொரியும்

ஐப்பசி பொறந்தாச்சு, சாயங்காலமானா மதுரைல வானம் இருட்டிக்கிட்டு வருது, வருஷத்துலயே எனக்கு ரொம்ப பிடிச்ச சீசன் இதுதான். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்ததுதான் கூதிர் காலம், இந்தக் குளிரையும் வாடைக்காத்தையும் வச்சே நக்கீரர் நெடுநல்வாடைன்னு 188 வரில பாடிருக்காரு. அதுல ஒரு இடம் எனக்கு உசுரு. மழை மூட்டத்துல பொழுது சாஞ்சுச்சா இல்லையானே தெரியல, தட்டுல வச்சிருந்த பிச்சி மொட்டு விரிஞ்சு வாசம் வந்ததும்தான் பொண்ணுங்க அந்தி ஆயிருச்சுன்னு கண்டுபிடிச்சு, இரும்பு விளக்குல திரி போட்டு ஏத்தி, நெல்லும் பூவும் தூவி கும்பிடுறாங்க. அதே பிச்சி இன்னிக்கும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கெடைக்குதுங்க, எவ்ளோ பெரிய விஷயம்!

தீபாவளிக்கு லேகியம் கிண்டிருவோம், சுக்கு மிளகு திப்பிலி ஓமம் வெல்லம் நெய், அவ்ளோதான். ஆனா கார்த்திகைப் பொரி உருண்டைக்குத்தான் பக்குவம் வேணும். வெல்லத்தைக் கரைச்சு மண்ணு போக வடிகட்டி, ஏலக்காயும் சுக்குப்பொடியும் போட்டு காய்ச்சிக்கிட்டே இருங்க, ஒரு சொட்டை தண்ணில விட்டு உருட்டி தட்டுல போட்டா டங்குனு சத்தம் கேக்கணும், அதுக்கு முன்னாடி எறக்குனா உருண்டை நமுத்துப் போயிரும். பொரி, பொட்டுக்கடலை, நெய்ல வறுத்த தேங்காப்பல்லு எல்லாம் கொட்டி கிளறி, கைல அரிசி மாவைத் தொட்டுக்கிட்டு சூட்டோட சூடா பிடிச்சிறணும், ரெண்டு ஆளு இருந்தா நல்லது.

உங்க வீட்ல நெல் பொரியா அவல் பொரியா? சொல்லுங்க மக்களே.